எந்தக் கைக்குங்க?

நவம்பர் 3, ஞாயிறு

துப்பாக்கி சுடுகிறவர்கள் டைரி எழுத வேண்டுமாம். ரைபிள் கிளப் செயலாளர் ஜெகந்நாதன் சார் உத்தரவு. மாதிரிக்கு ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். அதில் பெயர், வயது, தொழில். பிறகு தேதி, புள்ளி, புள்ளி குறைந்ததற்குக் காரணம். காரணம் எழுத ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார். எனக்கு இருக்கிற காரணங்களுக்கு அது எந்த மூலைக்கு? இருநூறு பக்க நோட்டு வாங்கிவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நானே எழுதி நானே படிப்பதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் கோகிலவாணி. வயது 43. தொழில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர்.

இன்றைய புள்ளி: அறுநூறுக்கு 519. காரணம்: கிளப்பின் பொதுத் துப்பாக்கி. பத்து மீட்டர் ஏர் ரைபிள்தான், ஆனால் ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது. தோளில் சாய்க்கும் கட்டை எனக்கு நாலு விரல் அதிக நீளம். கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினால்தான் குறி தெரிகிறது. இதைச் செயலாளரிடம் சொன்னால், "மேடம் ஒரு எக்சர்சைஸுக்குத்தானே வர்றீங்க, ஜாலியா சுடுங்க" என்கிறார். பக்கத்து லேன் கல்லூரிப் பையனிடம் இப்படிச் சொல்வாரா?

ஜாலியாம். கிளப்பில் நின்று சுட இருப்பதே ஆறு லேன். டிசம்பரில் ஒரு செலக்‌ஷன், பிப்ரவரியில் ஒன்று. இரண்டில் ஒன்றிலாவது 560 எடுக்காவிட்டால் லேனைக் காலி செய்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும். முப்பது பேர் இருக்கிறார்கள் அந்தப் பட்டியலில். ஞாயிறு காலை அந்த இரண்டு மணி நேரம்தான் வாரத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத நேரம். அதை நான் விடுவதாக இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி போனஸ் அப்படியே இருக்கிறது. வீட்டில் இவர் வாஷிங் மெஷின் என்கிறார். நான் துப்பாக்கி என்கிறேன்.

வழி மூன்று. புதிதாக ஸ்பிரிங் வகை வாங்கலாம். விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் மடக்கி இழுக்க வேண்டும், சுடும்போது உதறும். வெளிநாட்டுச் சரக்கு வாங்கலாம். அந்தக் காசுக்கு இரண்டு ஸ்கூட்டர் வரும். மூன்றாவது, யாராவது விற்கிற பழைய காற்றுச் சிலிண்டர் வகையில் குழலும் பொறியும் மட்டும் வாங்கிக்கொண்டு, கட்டையை என் உடம்புக்குத் தகுந்தபடி இங்கேயே செய்துகொள்வது.

ஜெகந்நாதன் சார் முதலாவதைச் சொன்னார். "உங்க லெவலுக்கு அது போதும் மேடம்." அதனாலேயே மூன்றாவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் லெவல் என்னவென்று டிவிக்கு மேலே மாட்டியிருக்கிற படத்தைக் கேட்கட்டும். நாலு வருடம் முன்பு பொருட்காட்சியில் பலூன் சுட்டேன், பத்துக்குப் பத்து. இவர்தான் படம் பிடித்தார். வாட்ச் கட்டிய கை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, வளையல் கை முன்னால் நீண்டிருக்கிறது, நாக்கை வேறு கடித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

நவம்பர் 12

வாஷிங் மெஷின் பற்றி மறுபடியும் பேச்சு. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கோவை போய் வாங்கி வந்தாயிற்று. விற்றது ஒரு பெண், இருபத்தாறு வயது, மாநில அளவில் வெண்கலம் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு சுடப் போவதில்லையாம். "நேரமில்லைக்கா" என்றாள். பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கி அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்திருக்கிறது. மரக்கட்டை பிளந்து போயிருந்தது. குழலுக்கும் பொறிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரசீது எழுதும்போது அவள் குழலை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். பஸ்ஸில் வழி முழுக்க எனக்குக் கோபம். அந்தப் பெண்ணுக்கு என்று ஒரு கோபம், மூட்டைக்கு என்று தனியாக ஒரு கோபம்.

நவம்பர் 19

கம்பெனிக்குப் பின் தெருவில் நாச்சிமுத்து அண்ணன் லேத் பட்டறை. எங்கள் மெஷின்களுக்குப் பாகம் செய்து கொடுப்பவர். அலுமினியத்தில் கட்டை, கன்னம் வைக்க ஒரு பலகை, கைப்பிடி, தோளில் பதிகிற தகடு எல்லாம் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார்.

"ஏனுங்க மேடம், இது எந்தக் கைக்குங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எந்தக் கைக்கு என்று ஒரு கேள்வியா? பீச்சாங்கையில் சுடுவேன் என்று நினைத்தாரா? "சோத்தாங்கைக்குத்தான். வேற எதுக்கு?" என்று ஒரு பிடி பிடித்தேன். கன்னப் பலகையும் கைப்பிடியும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்காகக் கேட்டதாகச் சொன்னார். நல்ல தொழில்காரர்தான், பேச்சு மட்டும் கொஞ்சம் அதிகம்.

நவம்பர் 22

டேபிளுக்குப் புது ஆள், முப்பிடாதி. தென்காசிப் பக்கம், முப்பது வயது, பிசிறு வெட்டும் வேலையில் எட்டு வருட அனுபவம் என்று எழுதியிருக்கிறாள். அனுபவத்தைப் பார்த்தால் டிரிம்மர் கத்தரியை இடக்கையில் பிடிக்கிறாள்! எட்டுப் பேர் வரிசையாக உட்காருகிற டேபிள். பீஸ் இடப்பக்கம் வந்து வலப்பக்கம் போக வேண்டும். இவள் ஒருத்தி எதிர்த்திசையில் வெட்டினால் பக்கத்தில் இருப்பவள் முழங்கையில் இடிக்கத்தானே செய்யும். கையை மாற்றச் சொன்னேன். "எனக்கு இந்தக் கையிலதாங்க்கா ஓடும்" என்றாள். பழகினால் எல்லாம் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 4

முப்பிடாதியின் உருப்படி மற்றவர்களில் பாதி. நான் பார்க்கும்போது வலது, திரும்பினால் இடது. இன்றைக்கு நானே டிரிம்மரைப் பிடுங்கி அவளுடைய வலக்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தேன். இத்தனை பேருக்கு முடிகிறது, இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

டிசம்பர் 8, ஞாயிறு

கட்டை வந்துவிட்டது. என் தோளுக்கு, என் கழுத்துக்கு, என் கை நீளத்துக்கு. கிளப்பில் இரண்டு பேர் வாங்கிப் பார்த்தார்கள். எவ்வளவு லட்சம் என்று கேட்டார்கள், சொல்லவில்லை.

புள்ளி 524. காரணம்: புதுசு.

டிசம்பர் 15, ஞாயிறு

முதல் செலக்‌ஷன். 527.

இனிமேல் கட்டையைக் குறை சொல்ல முடியாது. மூச்சு சரி, நிற்பது சரி, விரல் அலுங்கவில்லை. ஆனால் வட்டத் துளை வழியாகப் பார்க்கும்போது கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் இருப்பதில்லை. இடக்கண் சும்மா இருக்காமல் குறுக்கே வந்து எட்டிப் பார்க்கிறது. ஜெகந்நாதன் சார் இடக்கண்ணை மறைக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார். மாட்டினால் வலக்கண்ணில் தண்ணீராக ஊற்றுகிறது. "வயசானா அப்படித்தான் மேடம்." அவருக்கு அறுபத்தெட்டு!

டிசம்பர் 18

முப்பிடாதி மூன்று பீஸில் ஓட்டை போட்டுவிட்டாள். ஜெர்மனி ஆர்டர். மெமோ எழுதினேன்.

ஜனவரி 4

மறுபடி ஓட்டை. இரண்டாவது மெமோ.

ஜனவரி 11, சனி

மூன்றாவது மெமோ. எங்கள் கம்பெனியில் மூன்று ஆனால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் இது நடக்க வேண்டுமா என்று எனக்கும் இருந்தது. ஆனால் நான் என்ன செய்ய, ஓட்டை போட்டது நானா?

போகும்போது என் மேஜைக்கு முன்னால் நின்றாள். அழவில்லை. "எட்டு வருசமா இந்தத் தொழில் பாக்கேன். ஒரு பீஸ்ல ஓட்ட விழுந்ததில்ல. நீங்க கையப் பிடிச்சு மடக்கி விட்டீங்க பாத்தீங்களா, அன்னையிலேருந்துதான்" என்றாள்.

என்ன திமிர்! இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு கோபம்.

ஜனவரி 13, போகி

வீடு சுத்தம். ஒட்டடை அடித்து, பரண் தட்டி, மூன்று அறையும் கூட்டித் தள்ளினேன். இவர் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பீச்சாங்கையில கூட்டறதுல உன்னய அடிச்சுக்க ஆளில்ல புள்ள" என்றார். துடைப்பம் எனக்கு அந்தக் கையில்தான் வரும். பாத்திரம் தேய்ப்பதும் அப்படித்தான். கேலி செய்கிற நேரத்தில் ஒரு வாளி தண்ணீர் தூக்கித் தரலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

522. பட்டையோடு. கண் சிவந்து போய், வீட்டுக்கு வந்து தயிர்த்துணி போட்டுப் படுத்தேன். கட்டை கோணலாக இருக்க வேண்டும். வேறு என்ன?

ஜனவரி 21

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்து அண்ணன் பட்டறைக்குப் போனேன். நீங்கள் செய்த கட்டை கோணல் என்று கத்தினேன். லேத் சத்தத்திலும் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் லேத்தை நிறுத்தினார். ஒரு துண்டுக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டி, நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்க்கச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் நேர். மூன்றாவது கொடுத்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் குழாயைக் கொடுக்கிறாரே.

"மூணு வாட்டியும் எந்தக் கையில வாங்குனீங்க, எந்தக் கண்ணுல வெச்சீங்கன்னு பாத்தீங்களா மேடம்?"

குழாய் என் இடக்கையில், இடக்கண்ணில் இருந்தது. வலக்கண்ணுக்கு மாற்றிப் பார்த்தேன். ஓட்டையைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

"முப்பது வருசமா பாக்கறனுங்க. குழாயைக் குடுத்தா ஆளு பொய் சொல்ல முடியாது" என்றார். பிறகு, அன்றைக்கே கேட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். ஆமாம், கேட்டார்.

ஜனவரி 22

அம்மாவுக்குப் போன் செய்தேன். சின்ன வயதில் எனக்கு எந்தக் கை என்று சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது நான் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடக்கை என்றும், டீச்சர் என் இடக்கையை இடுப்போடு சேர்த்து ரிப்பனால் கட்டி உட்கார வைத்தார் என்றும், வீட்டிலும் அப்படியே கட்டிவிடச் சொன்னார் என்றும் சொன்னார். ஒரு வருடம்.

"பீச்சாங்கையில சோறு திங்கற புள்ளைய எவன் கட்டுவான்னு பயந்துட்டனுங் கண்ணு. நீயி ராத்திரியெல்லாம் அழுவ. நாந்தான் கட்டுனேன். உங்கப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு."

ரிப்பன் என்ன நிறம் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. பச்சையாம்.

எனக்கு இது எதுவுமே நினைவில் இல்லை. ஒரு வருடம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், எனக்கு நினைவில்லை! எழுத்துக்கும் சோற்றுக்கும் மட்டும் கட்டியிருக்கிறார்கள். கூட்டுவதையும் தேய்ப்பதையும் யாரும் திருத்தவில்லை பாருங்கள், அந்தக் கை அதற்கு மட்டும் லாயக்கு போலிருக்கிறது.

டீச்சர் மேல் கோபம், அம்மா மேல் கோபம். நாலு வருடமாக அந்தப் பலூன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து டிவி பார்க்கிற இவர் மேலும் கோபம். படத்தில் துப்பாக்கி என் இடத் தோளில் இருக்கிறது. கிளப்பில் சேர்ந்த அன்றைக்கு ஜெகந்நாதன் சார்தான் வாங்கி வலத் தோளுக்கு மாற்றி வைத்தார். நானும் பேசாமல் இருந்தேன்.

ஜனவரி 23

இன்றைக்கு டேபிளில் அந்த இடம் காலியாகவே இருந்தது. இன்னும் ஆள் போடவில்லை.

ஜனவரி 30

நாச்சிமுத்து அண்ணன் கன்னப் பலகையைத் திருப்பிவிட்டார். கைப்பிடி மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. கூலி வேண்டாம் என்றவரிடம் சண்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இடக்கை, இடக்கண். பட்டை இல்லை, தண்ணீர் இல்லை. கறுப்புப் புள்ளி வைத்த இடத்தில் நிற்கிறது. துடைத்து வைத்த மாதிரி தெரிகிறது. ஆனால் விரலுக்குத்தான் எதுவும் தெரியவில்லை, அவசரப்படுகிறது. 531.

ஜெகந்நாதன் சார் ஓடி வந்தார். செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இது என்ன விளையாட்டு என்றார். செலக்‌ஷனுக்கு வருகிற விருந்தாளிகள் பார்த்தால் நன்றாகவா இருக்கும் என்றார். இடக்கையில் சுடக்கூடாது என்று ரூல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். இல்லை. எனக்குத் தெரியும், இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

549.

பிப்ரவரி 12

மேனேஜரிடம் முப்பிடாதியைப் பற்றிப் பேசினேன். மெமோ மூன்றும் நான் போட்டது, தப்பு என்னுடையது, திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, அப்படியானால் அதை என் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தால் என் பெயருக்கு ஒரு மெமோ வரும் என்றார். பதினெட்டு வருடத்தில் எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசித்துச் சொல்கிறேனாம்! அவள் விரலை மடக்கும்போது யோசித்தேனா?

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாவது செலக்‌ஷன். 558.

இரண்டு புள்ளி. இரண்டே இரண்டு. முதல் பத்து குண்டுக்குள் மூன்று தடவை, பழக்க தோஷத்தில் துப்பாக்கியை வலத் தோளுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். அங்கேதான் புள்ளி போனது. கடைசிப் பத்தில் 98. பக்கத்து லேன் கல்லூரிப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஜெகந்நாதன் சார் என் பெயருக்கு நேரே கோடு போட்டார். லேன் போயிற்று. பட்டியலில் முப்பத்தோராவது. "ரூல் ரூல்தான் மேடம்" என்றார். நான் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். முப்பத்தேழு வருடம் கட்டிக்கிடந்த கை, மூன்று ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் முன்னால் அந்தக் குழாய் என் கைக்கு வந்திருந்தால்!

ஒரு மாதம் என்றா சொன்னேன்? டிசம்பர் நாலாம் தேதியே வந்தது. குழாய் இல்லை, டிரிம்மர். அதை வாங்கி மற்ற கையில் திணித்தவள் நான்தான். அந்தப் பச்சை ரிப்பன் மேல் எனக்கு இருக்கிற கோபம் முழுவதும் முப்பிடாதிக்கு என் மேல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

முப்பிடாதி பவானி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில், பாதிக் கூலிக்கு இருக்கிறாள். தேடிப் போன என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசினாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குக் கை கட்டிய கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்களுக்கே தெரியாம இருந்துச்சுல்ல. எனக்குத் தெரியும். நான் சொன்னேன்ல" என்றாள்.

சொன்னாள். முதல் நாளே சொன்னாள்.

வருவதாக இருந்தால் தப்பு யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும், அதை மேனேஜருக்கு முன்னால் அவளே படிப்பாளாம். சரி என்றேன். டேபிளின் அந்தக் கோடியில் அவளுக்கு மட்டும் பீஸ் எதிர்ப்பக்கம் வர ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இது இடக்கை. மெதுவாக வருகிறது. கோடு கோட்டில் நிற்கவில்லை.

கடிதமும் இப்படித்தான் எழுதினேன். நாலே வரி, அரை மணி நேரம். மூன்று மெமோவும் வலக்கையால் எழுதியது, அதனால்.

மேனேஜர் அறையில் முப்பிடாதி வாங்கினாள். இடக்கையால்தான். படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு எழுதுனது? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளையா?"

ஆமாம் என்றேன்.